கண்ணாடி இல்லாத இரண்டு நாள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஆம்னி, பழைய மஹிந்திரா ஜீப் என்று ஏதாவது ஒரு பழைய வண்டியை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு முன் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டால், மனதில் வருகிற கேள்விகள் இரண்டுதான். கண்ணாடி கிடைக்குமா, மாட்ட எவ்வளவு கேட்பார்கள். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: கண்ணாடியைக் கழற்றியதும் அடியில் தெரியப்போகிற தகரத்தை யார் பார்ப்பார்கள்? ரப்பர் பீடிங்கில் உட்காரும் கண்ணாடியை வீட்டு வாசலில் வைத்து மாற்றுவதே நல்லது என்று நான் சொல்வது இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான். கூலி கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் அது ஒரு காரணமே ஆகாது. பழைய கண்ணாடி வெளியே வந்து புதுக் கண்ணாடி உள்ளே போவதற்கு நடுவில் அந்த வண்டிக்கு இரண்டு நாளாவது வேண்டும். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இரண்டு நாளை அவரால் கொடுக்க முடியாது.

எல்லா வண்டிக்கும் இதைச் சொல்லவில்லை. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள். கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் கனத்துக்கு ரப்பர் வெளியே தெரிந்து, நகத்தால் நெம்பினால் அதன் உதடு மேலே எழும்பினால், அது பீடிங் கண்ணாடி. அந்த ரப்பரில் முதுகோடு முதுகாக இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஒன்றில் கண்ணாடியின் ஓரம் உட்காரும், மற்றதில் பாடியின் தகர விளிம்பு உட்காரும். ரப்பரின் இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசிடருக்கும், ஃபியட் 1100-இலிருந்து வந்த பத்மினிக்கும் இந்த முறை பிறவியிலேயே வந்தது. அப்படி இல்லாமல், கண்ணாடியின் ஓரம் முழுக்க உள்பக்கமாகக் கறுப்புப் பட்டை ஓடி, அசைக்க முடியாதபடி தகரத்தோடு சேர்ந்திருந்தால், அது யூரித்தேன் பசையில் ஒட்டிய கண்ணாடி. வண்டி எவ்வளவு பழையது என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. இருபது வயதான கார்களிலும் ஒட்டிய கண்ணாடி உண்டு.

ஒட்டிய கண்ணாடியை வீட்டில் தொடாதீர்கள். அங்கே கண்ணாடி பாடியின் ஒரு பகுதியாகவே வேலை செய்கிறது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. முன் இருக்கைப் பயணிக்கான ஏர்பேக் விரியும்போது பல கார்களில் அது முன் கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் திரும்பும். பசை பிடிக்க அதற்குரிய பிரைமர் வேண்டும். வண்டியை எடுப்பதற்கு முன் பசை இறுகக் குறிப்பிட்ட நேரம் விட வேண்டும். புது மாடல்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவையும் மறுபடி அளவிட்டுச் சரி செய்ய வேண்டும். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒட்டியதில் தப்பு நடந்திருந்தால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது, மழையில் ஒழுகாமல்கூட இருக்கும், மோதலில்தான் தெரியவரும். பீடிங் கண்ணாடியில் தப்பு நடந்தால் அடுத்த மழையில் உங்கள் முழங்காலில் சொட்டும். நீங்களே பார்த்து, நீங்களே கழற்றி, மறுபடி மாட்டலாம். கற்றுக்கொண்டே செய்கிற ஒருவர் எந்த வேலையில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: தப்பு கண்ணில் படுமா, படாதா.

இப்போது அந்தத் தகரத்துக்கு வருவோம். விரிசல் விட்ட கண்ணாடியைத் தூக்கிப் போடுவதற்கு முன் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கல் தெறித்து உடைந்திருந்தால் எங்காவது ஒரு புள்ளியில் குழி விழுந்து, அதிலிருந்து கோடுகள் கிளம்பியிருக்கும். பழைய வண்டிகளில் அப்படி ஒரு குழியே இல்லாத விரிசல்களும் உண்டு. கீழ் மூலையில், ரப்பருக்குள்ளிருந்து ஒரு கோடு கிளம்பி வளைந்து மேலே ஏறும். அந்தக் கோட்டுக்கு யாரும் கல் எறியவில்லை. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே இடம் பிடிக்கும். தகர விளிம்பில் துரு தடித்துக்கொண்டே வந்து, ரப்பரைத் தள்ளி, கண்ணாடியின் ஓரத்தில் ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி தாங்குவதை ஓரம் தாங்காது. ஒரு குண்டுக்குழியில் வண்டி முறுக்கிக்கொண்டால் போதும். இப்படி உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதுசு வாங்கி அதே விளிம்பில் உட்கார வைத்தால், அதுவும் அதே மூலையிலிருந்து விரிசல் விடும். கண்ணாடிமேல் குற்றம் சொல்லி இன்னொன்று வாங்குவோம்.

இன்னொரு சாட்சியும் கண்ணாடியிலேயே இருக்கிறது. லேமினேட்டட் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவில் 0.76 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கீழ் ஓரத்தில் அந்தப் படலம் பால் ஊற்றியதுபோல் வெளுத்து, ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையாகத் தெரிந்தால், ரப்பரின் பள்ளத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் நின்றது கண்ணாடிக்கு மட்டுமா? அதே ரப்பரின் அடுத்த பள்ளத்தில்தான் தகரம் இருக்கிறது. அதுவும் ஒற்றைத் தகரம் இல்லை; இரண்டு தகரத்தைச் சேர்த்து ஸ்பாட் வெல்டு அடித்த விளிம்பு. ஈரம் ஏறிக்கொள்ள இரண்டுக்கும் இடையில் இருக்கும் மயிரிழை இடைவெளி போதும். பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சேரும் வேப்பிலைச் சருகு அந்த ஈரத்தைக் காயவிடாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊராக இருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். காருக்குள் கால் வைக்கும் விரிப்பு எப்போதும் ஊசிப்போன வாசனை அடிக்கிறது, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஃப்யூஸ் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறது என்றால் தண்ணீர் வந்த வழியைத் தேட வேண்டிய முதல் இடம் இந்தக் கீழ் மூலைகள்.

கண்ணாடிக் கடையில் இதைப் பார்க்க மாட்டார்களா என்று கேட்கலாம். பார்ப்பார்கள், ஆனால் பார்த்து என்ன செய்வது? பீடிங் கண்ணாடி மாற்றுவது கைதேர்ந்த இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அவர்களுக்குக் கூலி கண்ணாடிக் கணக்கில். துருவைச் சுரண்டி, கழுவி, பிரைமர் அடித்து, காயவிட்டு, மேலே பெயிண்ட் அடித்து, அதையும் காயவிட்டுத்தான் ரப்பர் ஏற்ற வேண்டும் என்றால் வண்டி ஒன்றிரண்டு நாள் அங்கேயே நிற்க வேண்டும். தெருவோரக் கடையில் கண்ணாடி இல்லாத வண்டியை இரவு யார் காவல் காப்பது? தகர வேலை டிங்கர் செய்வது, பெயிண்ட் வேறொருவர் செய்வது, கண்ணாடி வேறொருவர் மாட்டுவது. மூன்று பேருக்கும் நடுவில் இருக்கிற அந்த முக்கால் அங்குல விளிம்பு யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் வேலைக்கு வைத்திருக்கும் விலையில் இந்த நேரம் இல்லை, அவ்வளவுதான்.

காப்பீடு இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்பது அடுத்த கேள்வி. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் தேர்ட் பார்ட்டி பாலிசியில்தான் ஓடுகின்றன என்பது என் ஊகம். அதில் கண்ணாடிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தாலும் கணக்கைக் கவனியுங்கள். சாதாரண முழுப் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பொருட்களுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். துருவுக்கு ஒன்றும் தர மாட்டார்கள். அதாவது கண்ணாடி புதிதாக வரும், பீடிங்குக்குப் பாதிப் பணம் உங்கள் கையிலிருந்து போகும், விளிம்பு அப்படியே கிடக்கும். பழைய ரப்பரையே கழுவித் துடைத்து மாட்டிவிடலாம் என்ற ஆசை பிறப்பது இந்தக் கணக்கில்தான். ஐந்து வருஷம் கிளெய்ம் எடுக்காமல் 50 சதவீதம்வரை சேர்த்த போனஸும் ஒரு கண்ணாடிக்காகப் போய்விடும்.

சரி, அந்த இரண்டு நாளில் என்ன செய்வது? முதலில் டாஷ்போர்டு முழுவதும் பழைய போர்வையை விரித்து, காற்று வரும் ஓட்டைகளின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த ஓட்டைக்குள் விழுந்த கண்ணாடிச் சில்லு பிற்பாடு ப்ளோயரைப் போடும்போது முகத்துக்கு வரும். வைப்பர் கைகளைக் கழற்றி, கையுறையும் கண்ணுக்குக் கவசமும் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளிப்பக்க உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால், உள்ளேயிருந்து ஒருவர் உள்ளங்கையால் மேல் மூலையில் நிதானமாகத் தள்ள, வெளியே இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 5 மில்லிமீட்டர் கனத்துக்கு பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடை வரும். தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை.

வெளியே வந்ததும் விளிம்பை விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். பெயிண்ட் கொப்புளித்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் தகரம் பளிச்சென்று தெரிகிறவரை தேய்க்க வேண்டும். குழிக்குள் தங்கியிருக்கும் கறுப்புத் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போட்டு, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். வெறும் ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட் இல்லாமல் விட்டால் அதன் வழியாக ஈரம் ஊறும். ஊசி முனையால் குத்தினால் ஓட்டை விழுகிற இடம் இருந்தால், அங்கே நின்றுவிடுங்கள். அதைப் பட்டி வைத்து மூடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம், ஆனால் பட்டி தண்ணீரை உறிஞ்சும். உள்ளே மறுபடி துரு ஓடும். அங்கே டிங்கரை வீட்டுக்கு அழைத்துப் புதுத் தகரம் வெட்டி வெல்டு வைத்து, மேடு இல்லாமல் கிரைண்ட் செய்யச் சொல்ல வேண்டும். பழைய தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டுப்போட விடாதீர்கள். ரப்பரின் பள்ளம் ஏறக்குறைய இரண்டு தகரக் கனத்துக்குத்தான் செய்திருக்கிறார்கள். மூன்றாவது தகரம் சேர்ந்தால் ரப்பர் முழுசாக உட்காராது, அந்த மேட்டிலேயே அடுத்த விரிசல் பிறக்கும்.

பெயிண்ட் காய்கிற நேரத்தில் கண்ணாடியும் ரப்பரும் வாங்கலாம். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பழைய மாடல்களுக்குச் சாமான் தேடிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடியில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அது லேமினேட்டட் ஆக இருக்க வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் முன் கண்ணாடியாக டஃபன்ட் இருந்திருக்கலாம். அது உடைந்தால் ஒரே நொடியில் முழுக் கண்ணாடியும் கற்கண்டுத் துண்டுகளாகிப் பார்வையையே மறைத்துவிடும். லேமினேட்டட் உடைந்தாலும் படலத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும், வண்டியை ஓரங்கட்ட வழி தெரியும். கண்ணாடியை ஓரமாகத் திருப்பிப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவில் படலத்தின் கோடு தெரியும். மூலையில் ஐஎஸ் 2553 முத்திரையும் இருக்க வேண்டும். டஃபன்ட் இருந்த இடத்தில் லேமினேட்டட் போடுகிறீர்கள் என்றால் கனம் கொஞ்சம் மாறலாம், பீடிங்கின் பள்ளத்தில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். தட்டைக் கண்ணாடி வைத்த பழைய ஜீப்புக்கு இன்னும் வசதி: லேமினேட்டட் தாளை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். டஃபன்ட்டை வெட்ட முடியாது, நொறுங்கிவிடும். கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். முன் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ரப்பர் மீட்டர் கணக்கில் வாங்கினால் ஒரு விரல்கடை கூடவே வெட்டுங்கள். இழுத்துக் கட்டிய ரப்பர் சில மாதங்களில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். கொஞ்சம் நெருக்கித் திணித்தது அப்படியே இருக்கும்.

மாட்டுகிற விதம் பார்க்க வித்தைபோல் தெரியும். ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி ஏற்றிவிட வேண்டும், இணைப்பு கீழே நடுவில் வருகிற மாதிரி. தகரம் உட்கார வேண்டிய வெளிப்பள்ளத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறி, காருக்குள் தொங்குகிற மாதிரி விட வேண்டும். விளிம்பிலும் ரப்பரிலும் சோப்புத் தண்ணீர் தாராளமாக. கிரீஸ், எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிவிடும். இப்போது வெளியே ஒருவர் கண்ணாடியை வாயிலில் வைத்து உள்ளங்கையால் அழுத்துகிறார். உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையை, விளிம்புக்குச் செங்குத்தாக, தன் பக்கம் மெதுவாக இழுக்கிறார். கயிறு வெளியே வரவர, ரப்பரின் உள் உதடு தகர விளிம்பின்மேல் புரண்டு ‘ப்ளக் ப்ளக்’ என்று ஏறிக்கொண்டே போகும். வெளியே அழுத்துகிற கை, கயிறு வரும் இடத்துக்கு நேராக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த இரண்டு கைகளும் ஒன்றாக நகர்வதுதான் முழு சூட்சுமம். எங்காவது மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்காமல், இன்னும் சோப்புத் தண்ணீர் விட்டு, மழுங்கிய மரக்குச்சியால் உதட்டை எடுத்துவிடுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் கண்ணாடி ஓரத்தில் பட்டால் கதை முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் வெயில் நமக்குத் துணை. காலையிலிருந்து வெயிலில் கிடந்த ரப்பர், குளிர்ப்பிரதேசத்துக்காரர்கள் வெந்நீரில் ஊறவைத்துப் பெறுகிற மென்மையைச் சும்மாவே பெற்றிருக்கும்.

இவ்வளவையும் படித்தபின் நிற்கிற வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடையில் மாட்டும்போது உடைந்தால் நஷ்டம் அவர்களுடையது, வீட்டில் உடைந்தால் என்னுடையது. இது உண்மை, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பத்மினி போன்ற வண்டிக்குத் தேடி அலைந்து வாங்கிய கண்ணாடி கயிற்றின் கடைசிச் சாணில் உடைந்தால் அதன் வலி பணத்தோடு நிற்காது. ஆனால் ஆட்சேபம் எதைப் பற்றியது என்று பாருங்கள். அது மாட்டுகிற அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது. கழற்றுவதையோ, துரு எடுப்பதையோ, பெயிண்ட்டையோ அது தொடவில்லை. ஆகவே கை நடுங்குகிறவர்கள் கழற்றுவதிலிருந்து பெயிண்ட் காய்கிறவரை தாங்களே செய்துவிட்டு, மாட்டுவதற்கு மட்டும் அனுபவப்பட்ட கண்ணாடிக்காரரைச் சாமானோடு வீட்டுக்கு வரச் சொல்லட்டும். அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, கண்ணாடியும் அவர் கொண்டுவந்ததாகவே இருந்தால் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளலாம். என் வாதத்துக்கு இதனால் ஒரு குறையும் வராது. எனக்கு வேண்டியது அந்தத் தகரம் காய்வதற்கான நேரம். கயிற்றை யார் இழுத்தால் என்ன?

பாதுகாப்பு பற்றியும் கேட்பார்கள். மோதலில் பீடிங் கண்ணாடி முழுசாகப் பெயர்ந்து விழலாமே? விழலாம். பசையளவுக்கு ரப்பர் பிடிக்காது. ஆனால் அது அந்த வண்டியின் வடிவமைப்போடு வந்த குறை. கடையில் மாட்டினாலும் அதே ரப்பர், அதே பள்ளம்தான். துருப்பிடிக்காத விளிம்பும் புது ரப்பரும் அந்தக் குறையைக் கொஞ்சம் குறைக்கும். பசையை வாங்கி ரப்பருக்குள் அப்பிவிட்டால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம், அந்த விளிம்பு அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

பசை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒழுகுகிறது என்றதும் ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கு விற்கிற சிலிக்கான் டியூபை வாங்கி ரப்பரின் ஓரமெல்லாம் அப்புவது வழக்கமாகிவிட்டது. டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கிறதா? அது இறுகும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம். வெறும் தகரத்தில் பட்டால் துருவை அதுவே தொடங்கிவைக்கும். போதாததற்கு, சிலிக்கான் தடவிய இடத்தில் பிறகு பெயிண்ட் ஒட்டாது. துரு எடுக்க உட்காருகிறவருக்கு அதைச் சுரண்டுவதே பாதி வேலை. பீடிங்குக்கு என்றே இறுகாத கறுப்பு சீலன்ட் இருக்கிறது. வெளி உதட்டைத் தூக்கி, கண்ணாடிப் பக்கமும் தகரப் பக்கமும் மெல்லிய கோடாக விட்டால் போதும்.

மாட்டிய மறுநாள் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஹோஸின் வாயை அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். மழை மாதிரி மெதுவாக, கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்கு ஒரு கை உயரம் என்று மேலே ஏற்றிக்கொண்டு போங்கள். மேலிருந்து விட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து, ரப்பரின் உள் ஓரம் முழுக்கத் தூவிய முகப்பவுடரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சொட்டு வருகிற இடத்தில் பவுடரில் கோடு விழும். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போயிருக்கும், பிரித்து ஒட்டினால் அது வேலை செய்யாது. கொடுத்த வங்கியிடம் சொல்லி மாற்று டேக் வாங்கிவிடுங்கள். வேலைக்கு நல்ல காலம் பங்குனி, சித்திரை. தகரம் நன்றாகக் காயும், ரப்பர் வளையும், ஐப்பசி மழைக்குள் ஒழுகல் ஏதாவது இருந்தால் கண்டுபிடித்து இன்னொரு முறை கழற்றி மாட்டவும் மாதங்கள் மிச்சமிருக்கும்.